உயிர்ச்சுவடும் உழைப்பும்: துர்க்கானா ஏரிக்கரை ஆய்வு பற்றிய ஒரு குறிப்பு

மனித குலத்தின் தோற்றம் பற்றிய ஆய்வுகளில் கென்யாவின் வடபால் அமைந்த துர்க்கானா ஏரியின் கீழ்க்கரை தனியிடம் பெறுகின்றது. 1973 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சிபிலோய் என்னும் இப்பகுதி ஏறத்தாழ 1,570 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. வறண்ட காற்றும் எரிமலைப் பாறைகளும் முதலைகள் வாழும் நீர்ப்பரப்பும் கொண்ட இவ்வமைதியான நிலத்தில், பேராமை, யானை முதலியவற்றின் எச்சங்கள் கிடந்த இடத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. இவ்வெலும்புகளுக்கு வரலாறு உண்டு. அவற்றைத் தேடியவர்களுக்கும் வரலாறு உண்டு. பின்னதையே நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

1888 ஆம் ஆண்டில் இவ்வேரியை அடைந்த டெலெக்கி, வொன் ஹோனெல் என்னும் ஐரோப்பியப் பயணிகள், கரைவாழ் மக்கள் வழங்கிய பெயர்களை விடுத்து, ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசர் ருடோல்பின் பெயரை அதற்குச் சூட்டினர். சுதந்திர கென்யா 1975 இல் அதனைத் துர்க்கானா என மாற்றிற்று. எனினும், அங்கு கிடைத்த எச்சங்களின் பதிவிலக்கங்கள் இன்றும் ‘கிழக்கு ருடோல்ப்’ என்பதன் முதலெழுத்துக்களையே தாங்கியுள்ளன. பதிவிலக்கங்களை மாற்றின் ஆய்வேடுகள் குழம்பும் எனச் சமாதானம் கூறலாம். ஆனால் ஏரியின் பெயர் மாறிப் பதினொரு ஆண்டுகள் கழிந்த பின், 1986 இல், ஆதி மனித இனமொன்றுக்கு ‘ருடோல்பென்சிஸ்’ எனப் புதிதாகப் பெயரிடப்பட்டமைக்கு அச்சமாதானம் பொருந்தாது.

ஆய்வின் உழைப்புப் பிரிவினையும் இதனோடு இணைத்து நோக்கற்பாலது. 1967 இல் விமானத்திலிருந்து இக்கரையின் படிவுகளைக் கண்ட றிச்சாட் லீக்கி, அடுத்த ஆண்டு அங்கு ஆய்வுக்குழுவொன்றை நடத்திச் சென்றார். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இருக்கவில்லை. அவருடன் பணியாற்றிய கமோயா கிமெயுவிடமும் இருக்கவில்லை. முன்னவர் புகழ்பெற்ற ஆய்வாளர் லூயி லீக்கியின் மைந்தர். பின்னவர் சிறுவயதில் ஆடு மேய்த்து, பின் அகழ்வுக் கூலியாளாகத் தொழிலைக் கற்றவர். 1964 இலேயே தன்சானியாவின் நேற்றன் ஏரியருகே ஆதி மனிதத் தாடையொன்றைக் கண்டெடுத்தவர் அவர்.

தேடற்பணியின் இயல்பை விளங்கிக்கொள்ளல் அவசியமாகும். மழையும் காற்றும் படிவுகளை அரிக்க, எலும்புத் துண்டுகள் மேற்பரப்பில் வெளிப்படுகின்றன. மறு மழை அவற்றை அடித்துச் செல்லுமுன், கூழாங்கல்லிலிருந்து எலும்பை நிறத்தாலும் வடிவாலும் பிரித்தறியும் கண் வேண்டும். வெய்யிலில் நாட்கணக்காகக் குனிந்து நடத்தலும், துண்டு கிடைத்த இடத்து மண்ணைச் சல்லடையில் அரித்தலும் இதன்பாற்படும். இவ்வாறே 1972 இல் பேர்னாட் என்கெனெயோ கண்ட துண்டுகளிலிருந்து, ‘1470’ எனப் புகழ்பெற்ற மண்டையோடு நூற்றைம்பதுக்கு மேற்பட்ட துண்டுகளைப் பொருத்தி உருவாக்கப்பட்டது.

அம்மண்டையோட்டின் காலம் பற்றிய விவாதமும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அதன் மேற்கிடந்த எரிமலைச் சாம்பற் படை ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுப் பழமையானதென முதலிற் கணிக்கப்பட்டது. அப்படிவுகளிற் கிடைத்த பன்றி எச்சங்கள், ஓமோ ஆற்றுப் பகுதிப் பன்றிகளோடு ஒப்பிடப்பட்டபோது, இக்கணிப்பை ஐயத்துக்குள்ளாக்கின. பின்னைய அளவீடுகள் அப்படைக்கு ஏறத்தாழ 19 இலட்சம் ஆண்டுகளையே அளித்தன. ஆய்வுக்கூடக் கருவி தந்த விடையைத் திருத்த, தரையிற் பொறுக்கிய பன்றிப் பற்கள் துணைபுரிந்தன.

1984 இல் ஏரியின் மேற்குக் கரையில், நரியொகொட்டொமேயில், கிமெயு கண்ட சிறு மண்டையோட்டுத் துண்டு, ஏறத்தாழ முழுமையான சிறுவன் எலும்புக்கூடொன்றுக்கு வழிகாட்டிற்று. அதன் காலம் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகும். அதனை 1985 இல் உலகுக்கு அறிவித்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் நால்வருள் கிமெயு இல்லை. அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய புவியியற் சங்கம் அவருக்குப் பதக்கம் வழங்கிற்று. உயிர்ச்சுவட்டுக் குரங்கினங்கள் சிலவும் அவர் பெயரைப் பெற்றன. லீக்கி குடும்பத்தினர் இவரது திறமையை மறைத்தனரெனக் கூறுவது நேர்மையன்று. காண்பவன் வேறு, பொருள் கூறுபவன் வேறு என வகுத்து, பின்னவனையே ‘ஆசிரியன்’ எனக் கொள்ளும் அறிவுலக ஒழுங்கே இங்கு வினாவுக்குரியது. குடியேற்ற ஆட்சி அகன்ற பின்னும் அவ்வொழுங்கு நிலைபெற்றது.

லீக்கியும் கிமெயுவும் 2022 ஆம் ஆண்டிலேயே காலமாயினர். ஓமோ ஆற்றின் அணையால் நீர்வரவு பாதிக்கப்படும் என்ற அச்சத்தால், துர்க்கானாவின் பூங்காக்கள் 2018 இல் ஆபத்துக்குள்ளான உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டிருந்தன. அந்நிலத்தைக் காப்பது பற்றிப் பேசுமிடத்து, அதனை அடியடியாக நடந்து அறிந்தவர்களின் அறிவும் மரபுரிமையே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். கண்டெடுத்தவரின் பெயர் ஒவ்வொரு எச்சத்தின் பதிவிலும், அதுபற்றி எழுதப்படும் ஒவ்வொரு வரலாற்றிலும் இடம்பெறுதல் இதற்கு முதற்படியாகும்.