குசினிக்குள் குடியேறிய அலுமாரி

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கிற நேரம் வாசியுங்கள்.

சில மாதங்களாக நம்மூர் வீதிகளில் ஒரு லொறி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு திரிகிறது. பழைய அலுமாரி, கட்டில், மேசை இருந்தால் கொடுங்கள், புது பிளாஸ்டிக் கதிரை தருகிறோம் என்கிறார்கள். "குசினியில இடத்தை அடைச்சிக்கிட்டு கிடக்கு, போனாக் காணும்" என்று நம்மவர்களும் தூக்கிக் கொடுக்கிறார்கள். முதிரை மரத்தில் செய்த இரட்டைக் கதவு அலுமாரி ஒன்று நாலு பிளாஸ்டிக் கதிரைக்குப் போனதை நானே பார்த்தேன். அந்த லொறியில் என்னென்ன ஏறிப் போகிறது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் சொற்களைப் பாருங்கள். குசினி, கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு. வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்? ஐந்தும் போர்த்துக்கேயச் சொற்கள். மேசைக்குள் இழுக்கிற லாச்சி ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். "அப்ப நாங்க என்ன சேர் சொன்ன, அதுக்கு முந்தி?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. பாய், பலகை, முக்காலி, பெட்டி, உறி, இவைதான் நம்முடைய சொற்கள். நம் வீட்டுச் சாமானும் அவ்வளவுதான்.

இதற்குச் சாட்சி சொல்ல ஓர் ஆங்கிலேயன் இருக்கிறான். 1660இல் கொட்டியாரக் குடாவில், இன்றைய மூதூர்ப் பக்கம், கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்ட றொபர்ட் நொக்ஸ். பத்தொன்பது வருடம் கைதியாகக் கிடந்து, தப்பிப் போய், 1681இல் லண்டனில் புத்தகம் போட்டான். அதில் கண்டி இராச்சியத்து வீடுகளின் சாமான்களைக் கணக்கெடுத்த மாதிரி எழுதியிருக்கிறான். தட்டு, றாக்கை எதுவும் இல்லை, மண்சட்டிகள் பிரம்பு உறியில் தொங்கும். உட்கார முதுகுச் சாய்வு இல்லாத ஒன்றிரண்டு முக்காலி. ஏன் சாய்வில்லை? சாய்வு வைத்த ஆசனத்தில் அரசன் மட்டும்தான் இருக்கலாமாம்! இன்று நூறு பிளாஸ்டிக் கதிரையை வாடகைக்கு எடுத்துக் கலியாணம் செய்கிற நாம் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தினார்கள். செனரத் மன்னன் அவர்களில் பலரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். துரத்தியவர்களின் சொற்களை மட்டும் நாம் விடவில்லை. நானூறு வருடமாகியும் குசினிக்குள்தான் சமைக்கிறோம்.

1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் பிடித்தார்கள். தளபாடம் என்ற விசயத்தில் அவர்கள்தான் பெரிய ஆட்கள். கருங்காலி, முதிரை, பலா என்று இந்த நாட்டு மரத்தில், இந்த நாட்டு ஓடாவிகளின் கையால், தங்கள் ஊர் வடிவத்தில் செய்வித்தார்கள். மூலைக்குப் பித்தளைத் தகடு அடித்த பெரிய மரப்பெட்டியைச் சிங்களத்தில் 'பெட்டகம' என்பார்கள். நம் பெட்டகம்தான் அது. புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் பிள்ளைகளை அந்தத் தளபாடங்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் வெளியே வந்து ஐஸ்கிறீம் வண்டியைத் தேடுகிறோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கிழக்கில் நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. வீடு பெண் பிள்ளைக்கு. 1969இலிருந்து அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே நம் குடிமுறையையும் சீதன வீட்டையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் எழுதித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. மூத்த மகளுக்குக் கலியாணமானால் உம்மாவும் வாப்பாவும் முன்வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவுக்குள் பின்பக்கம் போவார்கள். அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு எழும்பும். வளவு சுருங்கச் சுருங்க, வீடு சிறுத்துக் குசினியும் சிறுத்துக்கொண்டே போகும்.

இந்த நகர்வில் சாமான்களும் நகர்ந்தன. கலியாணத்துக்கு வந்த அலுமாரி முதலில் முன்மண்டபத்தில் நிற்கும், கண்ணாடி பதித்து, உள்ளே பெருநாள் பீங்கான் அடுக்கி. மகளுக்குப் புது அலுமாரி வந்ததும் அது அறைக்குள் போய் உடுப்பு அலுமாரியாகும். கண்ணாடி உடைந்ததும் குசினிக்குள் போகும். அங்கே ஓடாவி வந்து கதவின் நடுப்பலகையைக் கழற்றிவிட்டு கம்பிவலை அடிப்பார். ஆங்கிலேயர் காலத்து மீற்சேவ் பார்த்துப் பழகிய கண் அது. காற்றுப் போகும், ஈயும் பூனையும் போகாது. நாலு காலுக்கும் கீழே நாலு சிரட்டை அல்லது டின் வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டால் எறும்பும் ஏறாது. குளிர்சாதனப்பெட்டி இல்லாத காலத்தில் நோன்பு திறக்கப் பொரித்ததும் ஸஹருக்கு எடுத்துவைத்த மீன்கறியும் அதற்குள்தான். கடைசியில் அடிப்பலகை உக்கிப் போனால் கோழிக்கூட்டுக்குக் கதவாகும். ஒரு சாமானின் ஆயுளில் பாதி குசினியில்தான் கழிந்திருக்கிறது. கோழிக்கூட்டு வேலை கடைசிப் பதவி உயர்வு!

எங்கள் மூத்தம்மாவிடம் அரிசி போடுகிற பெட்டி ஒன்று இருந்தது. அது பழைய தேயிலைப் பெட்டி. மெல்லிய ஒட்டுப்பலகை, உள்ளே முழுக்க உலோகத்தாள் ஒட்டியது. தேயிலைக்கு ஈரம் படாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அரிசிக்கும் உதவியது. மேலே ஒரு பலகையைப் போட்டு அதிலே இருந்துதான் அவ வெங்காயம் உரிப்பா. அரிசிப் பெட்டியும் அதுதான், ஆசனமும் அதுதான்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. பாணுக்கே வரிசை நின்ற காலத்தில் புதுத் தளபாடம் யாருக்கு நினைவு வரும்? இருந்ததையே கழற்றிக் கழற்றிப் பூட்டினார்கள். திறந்த பொருளாதாரம் வந்த பிறகுதான் பிளாஸ்டிக்கும் பின்னால் சிப்போர்டும் வந்தன. அப்போதுதான் பழைய சாமான் என்றால் வெட்கம் என்ற எண்ணமும் வந்தது என்பது என் கணிப்பு.

பிறகு 2004 டிசம்பர் 26. அதைப் பற்றி உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர் வரை கரையில் இருந்தவர்கள் வீட்டோடு அலுமாரியையும் பெட்டகத்தையும் இழந்தார்கள். காணி உறுதியும் கலியாணப் படங்களும் அவற்றுக்குள்தான் இருந்தன. பதிலாகக் கிடைத்த வீடுகள் சுமார் 500 சதுர அடி. மருதமுனை 65 மீற்றர் வீட்டுத்திட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்த வகை வீடுகளில் குசினியில் இரண்டு பேர் ஒன்றாக நின்றால் ஒருவர் பின்வாங்கித்தான் மற்றவர் திரும்பலாம். அப்படிப்பட்ட குசினிக்குத்தான் இன்று தவணைக்கு சிப்போர்ட் றாக்கை வாங்குகிறோம். இரண்டு மாரிக்குத் தாங்காது. தண்ணீர் பட்டால் பாண் மாதிரி ஊதிவிடும்.

அதனால்தான் லொறிக்குக் கொடுக்க முன் ஓர் ஓடாவியைக் கூப்பிடுங்கள் என்கிறேன். முதிரை மரத்தை இப்போது நினைத்தபடி வாங்க முடியாது, வெட்டவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். நம் வீட்டில் கிடப்பது ஏற்கெனவே நன்றாகக் காய்ந்து முறுகிய மரம்.

நான் பார்த்த வீடுகளில் நடந்ததைச் சொல்கிறேன். சஹனில் சுற்றியிருந்து சாப்பிடுகிற வீட்டில் ஆறு பேர் மேசை சும்மா கிடந்தது. நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரோடு சேர்த்துப் பூட்டி, கால்களுக்குக் கீழே நாலு அங்குலக் கட்டை வைத்தார்கள். சாப்பாட்டு மேசை முப்பது அங்குலம்தான், நின்று வெட்டிச் சமைக்க முதுகு நோகும். முப்பத்துநாலு அங்குலம் நம் பெண்களுக்கு அளவாக இருக்கும். மற்றப் பாதி மகளின் வீட்டுக் குசினிக்குப் போனது. இன்னொரு வீட்டில் பழைய மேசை லாச்சிகளைக் கழற்றிச் சுவரில் நிமிர்த்தி அடித்து மிளகாய், மல்லி, சீரகப் போத்தல்கள் அடுக்கியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மரத்தொட்டில். நாலு பிள்ளைகள் வளர்ந்த தொட்டில் அது. இப்போது அதில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வளர்கின்றன. சட்டங்களுக்கு இடையில் காற்றுப் போவதால் அழுகுவதில்லையாம்.

2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றோமே, அப்போது பலர் விறகடுப்பைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தார்கள். அதற்குப் பக்கத்தில் மட்டும் இந்த மரங்களை வைக்க வேண்டாம். பழைய பெயின்ற் உரிந்த சாமான் என்றால் கவனம், அதில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்தபடி உரசித் தூள் பறக்க விடாமல், ஈரமாக்கி, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வெளியில் வைத்து உரச வேண்டும். அடியில் மா மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி இருக்கிறது, மருந்தடிக்காமல் குசினிக்குள் கொண்டுபோகாதீர்கள்.

அலுமாரியைக் கழற்றுகிறபோது மூட்டுகளின் உட்பக்கத்தையும் பாருங்கள். சிலவற்றில் உளியால் வெட்டிய சின்னக் கோடுகள் இருக்கும், ஒன்று, இரண்டு, மூன்று என்று. எந்தச் சட்டம் எந்தக் காலுக்கு என்று ஓடாவி தனக்காகப் போட்ட அடையாளம் அது. அந்தப் பக்கத்தைச் சீவச் சொல்லிவிடாதீர்கள். ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். யாருடைய கை அது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் ஊரில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.