கடிதத்தில் கண்ட சமூகம்

மனிதர் கூடி வாழ்வதைச் சமூகம் என்கிறோம். அவர்களைக் கூட்டி வைத்திருப்பது எது? சட்டமா, அரசாங்கமா, வயிற்றுப் பிழைப்பா? இம்மூன்றும் வேண்டியவைதாம். ஆயினும், ஒருவருடைய சொல்லுக்கும் செயலுக்கும் மற்றவர் பொருள் கொள்வதும், அப்பொருளுக்கேற்ப நடந்துகொள்வதும் ஓயாமல் நிகழ்வதால்தான் சமூகம் நிலைபெறுகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில அமெரிக்க அறிஞர்கள் கண்டனர். அவர்கள் வளர்த்த கொள்கையே குறியீட்டு இடைவினைக் கோட்பாடு. பெயர் சற்றுக் கடினமானது. ஆனால் அது பேசுவது நம் அன்றாட வாழ்வைப் பற்றித்தான்.

இக்கொள்கை வளர்ந்த இடம் சிக்காகோ நகரம். 1833-ஆம் ஆண்டில் சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூர் அது. 1890-இல் அங்கே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 1910-இல் அத்தொகை இருபது இலட்சத்தையும் கடந்துவிட்டது. இறைச்சிக் கூடங்களும் எஃகு ஆலைகளும் ஆட்களை அழைத்தன. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து உழவர்கள் வந்து குவிந்தனர். 1892-இல் திறக்கப்பெற்ற சிக்காகோ பல்கலைக் கழகம் தொடக்கத்திலேயே சமூகவியலுக்கெனத் தனித் துறை ஒன்றை நிறுவியது. ஆராய வேண்டிய உலகமோ அதன் வாயிற்படியிலேயே இருந்தது.

அத்துறையில் பணியாற்றியவர் வில்லியம் தாமஸ். வந்தேறியவர்களைப் பற்றி ஊரார் சொல்வதைக் கேட்பதோடு நில்லாமல், அவர்கள் தம்மைப் பற்றியே என்ன சொல்லிக்கொள்கின்றனர் என்று அறிய அவர் விரும்பினார். அந்நாளில் போலந்து தனி நாடாக இல்லை. ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகள் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. அங்கிருந்து வந்த உழவர்களின் குடும்பக் கடிதங்களைப் பத்திரிகையில் விளம்பரம் செய்து, தாமஸ் விலை கொடுத்து வாங்கினார். 1913-இல் வார்சாவில் புளோரியன் ஸ்னானியெக்கி என்ற அறிஞரைச் சந்தித்தார். குடிபெயர்வோர் நலன் காக்கும் சங்கமொன்றில் பணியாற்றிவந்த ஸ்னானியெக்கி, மறு ஆண்டே சிக்காகோவுக்கு வந்து சேர்ந்தார். இருவரும் எழுதிய 'ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போலந்து உழவர்' என்னும் நூல் 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அதில் எழுநூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் இடம்பெற்றன.

அக்கடிதங்களுக்கெல்லாம் அடிப்படையான ஒரு வகைக்கு அவர்கள் 'வணக்கக் கடிதம்' என்று பெயரிட்டனர். அது இறைவனைப் போற்றித் தொடங்கும். வீட்டுக்குள் நுழைபவர் வாழ்த்துக் கூற, வீட்டார் மறுமொழி கூறுவதுபோல, படிப்பவரும் அதற்கு மறுமொழி கூற வேண்டும். பிறகு, எழுதியவர் தாம் நலமாக இருப்பதைத் தெரிவித்து, அவர்கள் நலத்தையும் வேண்டுவார். அடுத்து, பெற்றோர், உடன்பிறந்தார், உற்றார் என ஒவ்வொருவருக்கும் வணக்கம் வரிசையாகச் செல்லும். செய்தி என்று பார்த்தால் இதில் ஒன்றுமேயில்லை. ஆனால், கடல் நடுவே கிடந்தாலும் குடும்பம் ஒன்றே என்பதை அந்த வரிசை ஒவ்வொரு முறையும் நிலைநாட்டியது. திருமண நாளில் நேரில் நின்று வாழ்த்த இயலாதவனுக்குக் கடிதமே அந்த வாழ்த்துரையாக அமைந்தது. 'நலம், நலமறிய அவா' என்று தொடங்கி, ஒரு பெயரும் விட்டுப் போகாமல் விசாரித்துக் கடிதம் எழுதிய நம்மவருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. காகிதமும் மையும் உறவாக மாறும் இந்த நிகழ்ச்சியே குறியீட்டின் வேலை.

தாமஸ் கண்ட மற்றோர் உண்மை இன்னும் கூர்மையானது. ஒரு நிலைமையை மக்கள் உண்மையென்று கொண்டுவிட்டால், அது பொய்யாக இருப்பினும் விளைவுகள் உண்மையாகவே வந்து சேரும் என்றார். தெருவுக்குப் புதிதாக வந்தவனைத் திருடன் என்று நம்பிவிட்டால் போதும். அவனுக்கு வேலை கிடைக்காது, வீடு கிடைக்காது, பேசுவதற்கும் ஆள் கிடைக்காது. அவன் திருடனல்லன், ஆனால் அவன் பட்ட துன்பம் மெய். இக்கருத்து 1928-ஆம் ஆண்டு நூலொன்றில் வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அதன் வலியை தாமஸ் தம் வாழ்வில் அறிந்திருந்தார். 1918-இல் ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டொன்றில் அவர் கைதானார். நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. ஆயினும் பல்கலைக் கழகம் அவரைப் பதவியினின்று நீக்கியது. அதன் பதிப்பகம் முதல் இரண்டு தொகுதிகளோடு நிறுத்திக்கொள்ள, எஞ்சிய மூன்றும் பாஸ்டன் நகரில் வெளிவந்தன. 1921-இல் குடியேறியோரைப் பற்றி வந்த நூலொன்றின் பெரும்பகுதியை எழுதியவர் தாமஸே. அட்டையில் இருந்தவை வேறு இருவர் பெயர்கள். 1927-இல் அமெரிக்கச் சமூகவியல் கழகம் அவரைத் தலைவராக்கிய பின்னரே அவர் மேல் படிந்த நிழல் ஓரளவு விலகியது.

பிறர் பார்வை நம் வெளிவாழ்வை மட்டுமா மாற்றுகிறது? 'நான்' என்னும் உணர்வே அப்பார்வையிலிருந்துதான் பிறக்கிறது என்றார் மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் சார்ல்ஸ் கூலி. 1902-இல் வெளியிட்ட நூலில், பிறரைக் கண்ணாடியாகக் கொண்டு நம்மை நாம் காண்கிறோம் என்று அவர் எழுதினார். இதை ஆழமாக்கியவர், சிக்காகோவில் தத்துவம் கற்பித்த ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட். பேஸ்பால் ஆட்டத்தை அவர் எடுத்துக்காட்டினார். ஒன்பது பேர் கொண்ட அணியில் ஆடும் சிறுவன் தன் வேலையை மட்டும் அறிந்தால் போதாது; மற்ற எண்மரும் என்ன செய்வார்கள் என்பதை மனத்தில் கொண்டால்தான் ஆட முடியும். இவ்வாறு பிறர் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கப் பழகும்போதே குழந்தை தன்னையும் அறிகிறது. மீட் 1931-இல் மறைந்தார். இக்கருத்துகளைத் தாமே ஒரு நூலாக அவர் எழுதி வைக்கவில்லை. மாணவர்கள் எடுத்த பாடக் குறிப்புகளே தொகுக்கப்பெற்று 1934-இல் நூலாயின.

மீட் நடத்திவந்த வகுப்பை அவருக்குப்பின் ஏற்றவர் ஹெர்பர்ட் புளூமர். தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரராகவும் விளங்கியவர் அவர். 1937-இல் இக்கொள்கைக்கு இன்றுள்ள பெயரை இட்டவர் அவரே. அவர் வகுத்த அடிப்படைகள் மூன்று: ஒரு பொருளுக்குத் தாம் கொள்ளும் அர்த்தத்தைக் கொண்டே மனிதர் அதனிடம் நடந்துகொள்கின்றனர், அந்த அர்த்தம் பிறரோடு பழகுவதில் பிறக்கிறது, பழகப் பழக அது திருத்தமும் பெறுகிறது. முன்னோர் என்பதற்காக அவர் யாரையும் கண்மூடிப் போற்றவில்லை. கடிதங்கள் மட்டுமே தாமஸின் முடிவுகளை மெய்ப்பித்துவிட மாட்டா என்று 1939-இல் எழுதினார்.

பின்வந்தோருள் இர்விங் காஃப்மன், மக்கள் ஒருவர்முன் ஒருவர் நாடக மேடையில் நிற்பதுபோல் நடந்துகொள்வதை 1956-இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்தார். ஹோவர்ட் பெக்கர், பிறர் சூட்டும் பெயரே ஒருவனைச் சமூகத்துக்குப் புறம்பானவனாக்கும் வகையை 1963-இல் விளக்கினார்.

இக்கொள்கைக்கு மறுப்பும் உண்டு. செல்வமும் அதிகாரமும் யார் கையில் உள்ளன என்பதை இது போதிய அளவு கவனிப்பதில்லை என்பர். அது நியாயமான மறுப்பே. எல்லோரும் அர்த்தம் கொள்ளலாம். ஆனால் வீட்டுக்காரர் கொண்ட அர்த்தத்தால் குடியிருப்பவர் தெருவுக்கு வர நேரலாம். குடியிருப்பவர் கொண்ட அர்த்தத்துக்கு அந்த வலிமை இல்லை.

எனினும், மூன்றாவது அடிப்படையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அர்த்தங்கள் கல்லில் வெட்டியவை அல்ல. பிற மாநிலங்களில் வாழும் நாம், அயலார் நம்மை அழைக்கும் பெயரையும், நாம் அவர்களை அழைக்கும் பெயரையும் அறிவோம். இரண்டும் பழக்கத்தில் பிறந்தவை. நெருங்கிப் பழகினால் இரண்டும் மாறக் கூடியவை. அந்த வேலையை நம் பொருட்டு வேறெவரும் செய்துவிட முடியாது.