1973: பெண்கள் முந்திக்கொண்ட கோடை

கிரிக்கெட்டில் முதல் உலகக் கோப்பை எந்த வருடம் நடந்தது? எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் 1975 என்பார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்த பசங்க என்றால் கூடவே க்ளைவ் லாய்டின் சதம், கவாஸ்கர் 174 பந்துகளைச் சாப்பிட்டுவிட்டு எடுத்த அந்த 36 நாட் அவுட் என்று அடுக்குவார்கள்.

ஆனால் பதில் 1973. இடம் இங்கிலாந்து. ஆடியவர்கள் பெண்கள்.

"சரி, அது பெண்கள் உலகக் கோப்பை, இது ஆண்கள் உலகக் கோப்பை, வேறு வேறுதானே" என்று கேட்கலாம். கேளுங்கள். ஆனால் அந்த ஒரே கோடையில் இங்கிலாந்தில் ஆண்கள் என்ன ஆடிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் என்ன ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. நான் பி.காம். படிப்பவன் என்பதால் கடைசியில் கணக்குப் புத்தகத்தையும் திறந்துவிடுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன் :-)

முதலில் ஆண்கள். 1973 கோடையில் இங்கிலாந்துக்கு இரண்டு அணிகள் வந்தன. முன்பாதியில் நியூசிலாந்து, பின்பாதியில் வெஸ்ட் இண்டீஸ். இரண்டுக்கும் மூன்று மூன்று டெஸ்ட். நியூசிலாந்து 0-2 என்று தோற்றது என்று ஸ்கோர் சொல்லும். ஆனால் ட்ரென்ட் பிரிட்ஜில் 479 ரன் இலக்கைத் துரத்தி 440 வரை வந்து, 38 ரன்னில் தோற்றார்கள். காங்டன் 176, பொல்லார்ட் 116. வெறும் 97 ரன்னுக்கு முதல் இன்னிங்ஸில் சுருண்ட அணி இது! வெஸ்ட் இண்டீஸ் கதை வேறு. கன்ஹாய் தலைமையில் வந்து 2-0 என்று தொடரை அள்ளிக்கொண்டு போனார்கள். லார்ட்ஸ் டெஸ்டில் 652/8 டிக்ளேர். சோபர்ஸ் ஆட்டமிழக்காமல் 150. அதுதான் அவருடைய 26-வது, கடைசி டெஸ்ட் சதம். அதே டெஸ்டில்தான் மைதானத்தில் வெடிகுண்டு மிரட்டல் வந்து கூட்டத்தையே வெளியேறச் சொன்னார்கள். ஜனங்கள் பாதிப் பேர் வெளியே போகாமல் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அம்பயர் டிக்கி பேர்ட் பிட்ச் நடுவில், கவர் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். இங்கிலாந்து இன்னிங்ஸ் மற்றும் 226 ரன் வித்தியாசத்தில் தோற்றது. கேப்டன் இல்லிங்வொர்த்தின் பதவி போனது.

இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இல்லாதது அடுத்தது.

ரேச்சல் ஹேஹோ ஃப்ளின்ட் என்று ஒருவர். இங்கிலாந்து மகளிர் அணியின் கேப்டன். உடற்பயிற்சி ஆசிரியை, பத்திரிகைகளிலும் எழுதுவார். 1963-ல் பெண்கள் டெஸ்டில் முதல் சிக்ஸர் அடித்தவரும் இவர்தான். அந்தக் காலத்து இங்கிலாந்து வீராங்கனைகளுக்குச் சம்பளம் கிடையாது என்பது மட்டுமில்லை, வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் என்றால் கைக்காசு போட்டுப் போக வேண்டும். நாட்டுக்காக ஆடுவதற்கு நாமே டிக்கெட் வாங்க வேண்டும்!

ஜாக் ஹேவர்ட் என்பவர் இன்னொருவர். உல்வர்ஹாம்டனில் பிறந்து பஹாமாஸ் தீவுகளில் சொத்து சேர்த்த கோடீஸ்வரர். தாய்நாட்டுப் பாசம் அளவுக்கு மீறி இருந்ததால் 'யூனியன் ஜாக்' என்று பட்டப்பெயர். 1969-ல் லண்டி என்ற தீவையே 150,000 பவுண்டு கொடுத்து நேஷனல் டிரஸ்டுக்காக வாங்கித் தந்தவர். ஃபாக்லாந்து தீவுகளில் துருப்பிடித்துக் கிடந்த 'கிரேட் பிரிட்டன்' என்ற பழைய கப்பலைப் பிரிஸ்டலுக்குத் திருப்பிக் கொண்டுவர 1970-ல் பணம் கொடுத்தவர். இங்கிலாந்து மகளிர் அணி வெஸ்ட் இண்டீஸ் தீவுகளுக்குப் போய் ஆடவும் இவர்தான் செலவு செய்தார்.

1971-ல் ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹேவர்டின் வீட்டில், கையில் பிராந்தியோடு, ஹேஹோ ஃப்ளின்டும் அவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏன் எல்லா நாட்டு அணிகளையும் ஒரே இடத்துக்கு வரவழைத்து ஒரு உலகக் கோப்பை வைக்கக் கூடாது? ஹேவர்ட் 40,000 பவுண்டு தருவதாகச் சொன்னார். தந்தார். அவ்வளவுதான். கமிட்டி, சப்-கமிட்டி, அறிக்கை எதுவும் அந்த மேஜையில் இல்லை.

ஏழு அணிகள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா, டிரினிடாட் அண்ட் டொபாகோ, யங் இங்கிலாந்து, இன்டர்நேஷனல் லெவன். ஜமைக்காவும் டிரினிடாடும் தனித்தனி அணியாக வந்தன. கடைசி அணிக்கு முதலில் ஐந்து தென்னாப்பிரிக்க வீராங்கனைகளுக்கும் அழைப்பு போயிருந்தது. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து வருபவர்களோடு கரீபியன் அணிகள் எப்படி ஆடும்? அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. 1970-ல் தென்னாப்பிரிக்க ஆண்கள் அணியின் இங்கிலாந்துப் பயணம் ரத்தான அதே பிரச்சனை, இங்கேயும் வந்து நின்றது. இந்தியா வரவில்லை. இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கமே அதே 1973-ல்தான் லக்னோவில் ஆரம்பிக்கப்பட்டது.

ஏழு அணிகளும் ஒன்றோடொன்று மோதும். 60 ஓவர். மொத்தம் 21 ஆட்டங்கள். இறுதிப் போட்டி என்று தனியாக ஒன்று கிடையாது, புள்ளியில் யார் மேலே இருக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை.

ஜூன் 20, லண்டனில் க்யூ கிரீன் மைதானம். ஜமைக்காவும் நியூசிலாந்தும் மோத வேண்டிய முதல் ஆட்டம். மழை. ஒரு பந்துகூட வீசவில்லை! உலகக் கோப்பை வரலாறு இப்படியா ஆரம்பிக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து, ஜூன் 23 சனிக்கிழமை, ஹோவ் மைதானத்தில் இங்கிலாந்து இன்டர்நேஷனல் லெவனைச் சந்தித்தது. அதே சனிக்கிழமை லார்ட்ஸில் நியூசிலாந்து ஆண்கள் 551 ரன் குவித்த டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. பத்திரிகைக்காரர்கள் எங்கே இருந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஹோவில் வேல்ஸைச் சேர்ந்த லின் தாமஸும், நாட்டிங்ஹாம்ஷயர் சுரங்கத் தொழிலாளியின் மகளான ஈனிட் பேக்வெல்லும் இறங்கினார்கள். முதல் விக்கெட் விழும்போது ஸ்கோர் 246. தாமஸ் 134, பேக்வெல் நாட் அவுட் 101. மொத்தம் 258/1.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஆண்கள் பக்கம் திரும்பிப் பாருங்கள். சர்வதேச ஒருநாள் போட்டி என்பது 1971 ஜனவரி 5-ல் மெல்போர்னில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு 1972 ஆகஸ்டில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மூன்று ஆட்டம். 1973 பிப்ரவரியில் நியூசிலாந்தும் பாகிஸ்தானும் ஒன்று. ஆக, ஆண்கள் அதுவரை ஆடிய மொத்த ஒருநாள் சர்வதேசப் போட்டிகளே ஐந்துதான். ஐந்து! பெண்கள் 21 ஆட்டம் கொண்ட ஒரு உலகக் கோப்பைக்கு அட்டவணை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஐந்து ஆட்டங்களில் ஆண்கள் அடித்த அதிகபட்ச ஸ்கோர் டென்னிஸ் அமிஸின் 103. அதாவது ஜூன் 23 அன்று மாலை, ஒருநாள் சர்வதேசக் கிரிக்கெட்டில் ஆண், பெண் யாரை எடுத்தாலும் மிகப் பெரிய ஸ்கோர் லின் தாமஸுடைய 134. அதே செப்டம்பரில் ஓவலில் ராய் ஃப்ரெடரிக்ஸ் 105 அடித்து அமிஸைத் தாண்டினார். அப்போதும் தாமஸைத் தொடவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், இன்டர்நேஷனல் லெவன் ஒன்றும் பயங்கரமான பந்துவீச்சு அணி இல்லை. அமிஸ் ஆடியது 55 ஓவர், இவர்கள் ஆடியது 60. ஆப்பிளையும் ஆரஞ்சையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. ஆனால் 134, 103-ஐ விடப் பெரிய எண் என்பதற்கு எந்த வியாக்கியானமும் வேண்டாம்.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழையால் குறைந்த ஒரு ஆட்டத்தில் ரன் ரேட் கணக்கில் இங்கிலாந்து நியூசிலாந்திடம் தோற்றது. ஆஸ்திரேலியா தோல்வியே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. வெற்றிக்கு 4 புள்ளி, முடிவில்லாத ஆட்டத்துக்கு 1. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியா 17, இங்கிலாந்து 16. அந்தக் கடைசி ஆட்டத்தில் மோத வேண்டியது யார் யார்? இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும்! இறுதிப் போட்டி வைக்காத ஒரு தொடருக்கு, தானாகவே ஒரு இறுதிப் போட்டி அமைந்துவிட்டது.

ஜூலை 28, எட்ஜ்பாஸ்டன். லார்ட்ஸில் ஏன் இல்லை? எம்.சி.சி. அப்போது பெண்களுக்கு லார்ட்ஸைத் திறக்கவில்லை. இங்கிலாந்து முதலில் ஆடி 279/3. பேக்வெல் 118, கேப்டன் ஹேஹோ ஃப்ளின்ட் 64. மிரியம் நீ தலைமையிலான ஆஸ்திரேலியா 60 ஓவரும் ஆடி 187/9. 92 ரன் வித்தியாசத்தில் வெற்றி. பேக்வெல் தன் இடதுகைச் சுழலில் 2 விக்கெட்டும் எடுத்தார். இளவரசி ஆன் கோப்பையைக் கொடுத்தார். அதே நாள் ஓவலில் வெஸ்ட் இண்டீஸ் ஆண்களுடன் முதல் டெஸ்ட். க்ளைவ் லாய்ட் 132 அடித்த, கீத் பாய்ஸ் 11 விக்கெட் எடுத்த டெஸ்ட் அது. மறுபடியும் அதே சனிக்கிழமை, அதே இரண்டு மைதானக் கதை.

இனி கணக்கு.

ஹேவர்டின் 40,000 பவுண்டை 21 ஆட்டத்தால் வகுத்தால், ஆட்டத்துக்கு சுமார் 1,905 பவுண்டு. இரண்டு வருடம் கழித்து 1975-ல் ஆண்கள் உலகக் கோப்பைக்கு ப்ருடென்ஷியல் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது 100,000 பவுண்டு. ஆட்டங்கள் 15. ஆட்டத்துக்கு சுமார் 6,667. மூன்றரை மடங்கு. ஆனால் என்னைக் கேட்டால் பெரிய வித்தியாசம் தொகையில் இல்லை, எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதில்தான். ப்ருடென்ஷியல் கொடுத்தது விளம்பரச் செலவு. பதிலுக்குக் கோப்பையே அவர்கள் பெயரில் 'ப்ருடென்ஷியல் கப்' ஆனது. லாபம் தெரிந்ததால் 1979, 1983 என்று அவர்களே தொடர்ந்தார்கள். 1983-ல் கபில்தேவ் தூக்கியதும் அந்தப் பெயரில் இருந்த கோப்பைதான். ஹேவர்ட் கொடுத்தது நன்கொடை. அவருக்கு இன்சூரன்ஸ் பாலிசி விற்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் அடுத்த முறை அவரோ அவரைப் போல ஒருவரோ மனது வைத்தால்தான் உண்டு. தாராள மனது என்பது மிக நல்ல விஷயம், ஆனால் அதை அடுத்த வருட பட்ஜெட்டில் வரவாகக் காட்ட முடியாது.

விளைவைப் பாருங்கள். இரண்டாவது மகளிர் உலகக் கோப்பை 1978 ஜனவரியில், நம் இந்தியாவில். இந்தியப் பெண்கள் தங்கள் முதல் ஒருநாள் சர்வதேச ஆட்டத்தை அந்த ஜனவரி 1-ம் தேதி ஈடன் கார்டனில் ஆடினார்கள். ஆனால் 7 அணிகள் 4 ஆகிவிட்டன. 21 ஆட்டங்கள் 6 ஆகிவிட்டன. 1982-ல் நியூசிலாந்தில் 5 அணிகள், 1988-ல் ஆஸ்திரேலியாவில் 5. 1993-ல் மறுபடி இங்கிலாந்துக்கே வந்தபோது காசில்லாமல் தொடரே நின்றுபோகும் நிலை. கடைசி நேரத்தில் ஒரு அறக்கட்டளை 90,000 பவுண்டு கொடுத்துக் காப்பாற்றியது. இருபது வருடம் கழித்தும் அதே தலைப்பு: நன்கொடை. இதற்குள் ஆண்கள் உலகக் கோப்பை இந்தியா, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா என்று சுற்றி, கலர் உடை, வெள்ளைப் பந்து, இரவு விளக்கு எல்லாம் பார்த்துவிட்டிருந்தது.

விளையாட்டு மோசமாக இருந்ததால் ஸ்பான்சர் வரவில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. ஒருநாள் கிரிக்கெட்டில் உலகக் கோப்பை என்ற பொருளையே கண்டுபிடித்தவர்கள் இவர்கள். அதைச் சந்தைக்குக் கொண்டுபோகும் கடையும், லார்ட்ஸ் மைதானமும், பத்திரிகையின் விளையாட்டுப் பக்கமும் வேறு ஆட்கள் கையில் இருந்தன. கடை யார் கையில் இருக்கிறதோ வியாபாரம் அவர்களுக்கு.

ஹேஹோ ஃப்ளின்ட் சும்மா இருக்கவில்லை. 1976 ஆகஸ்ட் 4 அன்று, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஒருநாள் போட்டியில், இங்கிலாந்து மகளிர் அணியை முதன்முதலாக லார்ட்ஸ் மைதானத்துக்குள் அழைத்துப் போனார். எம்.சி.சி. பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1998-ல் சம்மதித்தது. 1999-ல் சேர்ந்த முதல் பத்து பேரில் இவரும் ஒருவர். 2017 ஜனவரியில் காலமானார். அதே வருடம் ஜூலையில், நிரம்பி வழிந்த லார்ட்ஸில் இங்கிலாந்து 9 ரன் வித்தியாசத்தில் இந்தியாவை வென்ற உலகக் கோப்பை இறுதிப் போட்டியைப் பார்க்க அவர் இல்லை. இன்று லார்ட்ஸின் ஒரு வாசலுக்கு அவர் பெயர்.

கணக்கு எப்போது மாறியது என்றால், 2005-ல் சர்வதேச மகளிர் கிரிக்கெட் கவுன்சில் ஐசிசியோடு இணைந்த பிறகு, அதுவும் மெதுவாகத்தான். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் ஹர்மன்ப்ரீத் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று கோப்பையைத் தூக்கியபோது, அந்தத் தொடரின் மொத்தப் பரிசுத் தொகை 13.88 மில்லியன் டாலர். 2023 ஆண்கள் உலகக் கோப்பையில் அது 10 மில்லியன்.