நழுவுவது எது?

சேறு மண்டிய ஒரு மேட்டில் மோட்டோகிராஸ் வண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. பாதி மேட்டில் எஞ்சினின் ஓசை திடீரென்று உச்சத்துக்குப் போகிறது. வண்டியின் வேகமோ கூடவில்லை. இறங்கி வந்து ஓட்டுபவர் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். 'கிளட்ச் ஸ்லிப் ஆகிறது' என்பார். அல்லது 'கியர் ஸ்லிப் ஆகிறது' என்பார். முன்னது உண்மையென்றால், பெரும்பாலான வண்டிகளில், இடப்பக்கமாகப் படுக்கவைத்து வலப்பக்க மூடியின் சில போல்ட்டுகளைக் கழற்றினால் போதும். ஒரு மாலைப்பொழுதில் வேலை முடியும். பின்னது என்றால் எஞ்சினையே சட்டத்திலிருந்து இறக்கி, கிராங்க் கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நோயைத் தவறாகக் கணித்தவருக்குப் பணமும் போகும், பந்தயப் பருவமும் போகும்.

நம் கட்சி இதுதான்: இவ்வகை வண்டியில் கியர்பாக்ஸ் நழுவுவதே இல்லை, அதனால் நழுவ இயலாது. அப்படியிருக்க, இந்த இரட்டைப் பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கு நூறாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது.

தொடக்கக்கால மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை. எஞ்சினையும் பின்சக்கரத்தையும் ஒரு பெல்ட் நேரடியாகப் பிணைத்தது. வண்டியோடு ஓடி, எஞ்சினை உசுப்பி, தாவி ஏறிக்கொள்ள வேண்டும். நிற்க வேண்டுமானால் எஞ்சினையே அணைக்க வேண்டும். மழை பெய்தால் பெல்ட் நழுவியது. 1907இல் மான் தீவில் நடந்த முதல் டி.டி. பந்தயத்தில், மேடுகளில் எஞ்சினுக்குக் கைகொடுக்க மிதிகட்டைகள் அனுமதிக்கப்பட்டிருந்தன. மறு ஆண்டே அவற்றைத் தடைசெய்தார்கள். 1911இல் பந்தயம் ஸ்னேஃபெல் மலைப்பாதைக்கு மாற்றப்பட்டபோது ஒற்றை விகிதத்தோடு ஏறுவது சாத்தியமில்லை என்றாயிற்று. அவ்வாண்டு சீனியர் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் அள்ளிச் சென்றவை அமெரிக்காவின் 'இந்தியன்' வண்டிகள். அவற்றில் பெல்ட் இல்லை. சங்கிலியும், இரண்டு வேக கியர்பாக்ஸும், கிளட்சும் இருந்தன. தம் மண்ணில் இப்படியொரு தோல்வியைக் கண்ட பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் பாடம் கற்றார்கள். ஆனால் பாதிப் பாடம் மட்டுமே!

1915இல் வந்த டிரையம்ஃப் 'மாடல் எச்' அந்தப் பாதிப் பாடத்துக்குச் சான்று. அதில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று வேக கியர்பாக்ஸ் உண்டு, கிளட்ச் உண்டு. பின்சக்கரத்துக்கோ அதே பழைய பெல்ட். முதல் உலகப் போரில் செய்தி சுமந்த வீரர்கள் இவ்வண்டிகளைத்தான் சேற்றில் ஓட்டினார்கள். எஞ்சின் அலறி, வண்டி நகராதபோது நழுவுவது கிளட்சா, பெல்ட்டா? அவர்களுக்கு அது உண்மையான கேள்வி. இரண்டுமே நழுவக்கூடியவை, இரண்டுக்கும் அறிகுறி ஒன்றே. இன்றைய ஓட்டுநர் நாவில் இருப்பது அந்தக் கேள்வியின் எச்சம்தான் என்று நாம் கருதுகிறோம். 1920களில் பெல்ட் மெல்ல மறைந்து சங்கிலி வந்தது. ஐயத்துக்குரிய இருவரில் ஒருவர் போய்விட்டார். கேள்வி மட்டும் நின்றுவிட்டது.

எஞ்சியிருந்த கிளட்சைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். உராய்வு விசை, அழுத்தும் எடையைப் பொறுத்ததே அன்றித் தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று 1699இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் சொன்னவர் கியோம் அமோந்தோன். அப்படியானால் சிறிய கிளட்சின் பிடியைக் கூட்டுவது எப்படி? தட்டை அகலமாக்கிப் பெரிய பயனில்லை. தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஒரே ஸ்பிரிங் அழுத்தம் ஒவ்வொரு முகத்திலும் மீண்டும் மீண்டும் வேலை செய்யும். மோட்டார் சைக்கிளின் பல தட்டு கிளட்ச் இந்த எளிய கணக்கின் குழந்தை. வெப்பத்தைக் கடத்த அது எண்ணெயில் மூழ்கியிருக்கிறது. எண்ணெயிலும் பிடி விடாத பொருளாக அன்று கிடைத்தது தக்கை. புட்டியின் வாயை அடைக்கும் அதே ஓக் மரப்பட்டை. தட்டில் துளைகளிட்டுத் தக்கைத் துண்டுகளைச் செருகினார்கள். அளவோடு நழுவவிட்டால் தக்கை பல காலம் உழைக்கும். அளவு மீறினால் கருகும். நம்மூர்ப் பட்டறைகளில் 'கார்க் பிளேட்' என்ற பெயர், தக்கை போய்ச் செயற்கைப் பொருள்கள் வந்த பின்னும் வழங்கியது.

1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லி அருகே புதர்க்காட்டில் முதல் 'ஸ்கிராம்பிள்' பந்தயம் நடந்தது. மோட்டோகிராஸின் தாய் அதுவே. அது முதல், மண்ணில் ஓட்டுபவனுக்கு நழுவல் நோய் மட்டுமன்று, ஆயுதமும் ஆயிற்று. டூ ஸ்ட்ரோக் வண்டிகள் கோலோச்சிய காலத்தில் இது உச்சத்தை எட்டியது. 1975இல் உலகப் போட்டியாக அங்கீகாரம் பெற்ற 125 சிசி பிரிவை எண்ணிப் பாருங்கள். அச்சிற்றெஞ்சின்களின் வலிமை முழுவதும் சுழற்சியின் மேல்படியில், ஒரு குறுகிய இடைவெளியில் குவிந்திருக்கும். திருப்பத்திலிருந்து வெளியேறும்போது கிளட்ச் லீவரை விரலால் சுண்டிச் சுண்டி, வேண்டுமென்றே நழுவவிட்டு, எஞ்சினை அந்த இடைவெளிக்குள் தூக்கி நிறுத்துவார்கள். இப்படிப் பயன்படும் தட்டு தேயாமல் என்ன செய்யும்?

இப்போது கியர்பாக்ஸ். அதன் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கின்றன. கியர் மாற்றும்போது ஒரு சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து, தன் முகத்தில் துருத்தி நிற்கும் தடித்த முனைகளை அண்டைச் சக்கரத்தின் பள்ளங்களில் செருகிக்கொள்கிறது. இம்முனைகளுக்கு ஆங்கிலத்தில் 'டாக்', அதாவது நாய் என்று பெயர். கவ்வினால் விடாது என்பதால் இட்ட பெயர் போலும். இங்கே இரண்டு நிலைகளே உண்டு: கவ்வியிருத்தல், விட்டிருத்தல். இடைப்பட்ட நழுவலுக்கு இடமில்லை. முனைகள் மழுங்கினால், அல்லது அவற்றைத் தள்ளும் ஃபோர்க் வளைந்தால், பாரம் ஏறும்போது கியர் துள்ளி வெளியேறும். அப்போது 'டக்' என்ற ஓசையும் குலுக்கலும் இருக்கும். சில நேரம் கால் லீவரே உதைக்கும். பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டுமே இது நிகழும். கிளட்ச் நழுவலோ ஓசையற்றது, வழுவழுப்பானது. எல்லா கியரிலும் உண்டு, மேல் கியர்களில் தெளிவாகத் தெரியும்.

'டிரான்ஸ்மிஷன் ஸ்லிப்' என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இருந்தது காரில். 1908இல் வந்த ஃபோர்டு 'மாடல் டி'யின் கியர் அமைப்பையே பட்டைகள் இறுக்கிப் பிடித்தன. பட்டை தேய்ந்தால் நழுவியது. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ராமேட்டிக் தானியங்கி கியரிலும் உள்ளே உராய்வுப் பட்டைகளும் தட்டுகளும் இருந்தன. யமஹாவின் டி.டி.1 1968இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து மண்பாதை ஓட்டத்தை எளியவர் கைக்கும் கொண்டு சேர்த்தபோது, வாங்கியவர்களில் பலர் காரில் வளர்ந்தவர்கள். காரின் சொல்லை வண்டியின் மீது ஏற்றியிருப்பார்கள் என்பது எம் ஊகம்.

கதையில் இன்னொரு குற்றவாளி பின்னாளில் வந்து சேர்ந்தது: எண்ணெய். டூ ஸ்ட்ரோக்கில் கிளட்சும் கியரும் தமக்கென்று தனி எண்ணெயில் குளிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் எஞ்சினின் எண்ணெயே கிளட்சுக்கும். 1998இல் யமஹா ஒய்.இசட் 400 எஃப் வந்து ஃபோர் ஸ்ட்ரோக்கை மோட்டோகிராஸுக்கு மீட்டுத் தந்தது. கார்களுக்கான எண்ணெய்களிலோ எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள்கள் பெருகியிருந்தன. காருக்கு அமுதம், எண்ணெயில் மூழ்கிய கிளட்சுக்கு நஞ்சு. ஜப்பானியர் அதே 1998இல் 'ஜாசோ டி 903' என்ற தரத்தை வகுத்து, இவ்வகை கிளட்சுக்கு ஏற்ற எண்ணெய்க்கு 'எம்.ஏ' என்றும், உராய்வு குறைந்ததற்கு 'எம்.பி' என்றும் பெயரிட்டனர். ஹோண்டா 2002இல் சி.ஆர்.எஃப் 450 ஆரில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் எண்ணெயைப் பிரித்தே வைத்தது.

ஆகவே வண்டி நழுவுகிறது என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாக எந்த எண்ணெய் ஊற்றினீர்கள் என்பதுதான். அடுத்து, கேபிள் வகையென்றால் லீவரின் தளர்வு. தட்டு தேயத்தேய அத்தளர்வு குறையும். முற்றிலும் இல்லாது போனால் கேபிளே தட்டுகளை விலக்கிப் பிடித்து நழுவவைக்கும். இவ்விரண்டும் சரியென்றால் கெட்டியான தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மண்ணில் பின்சக்கரமே வழுக்கி நம்மை ஏமாற்றும். மேல் கியரில், நடுத்தர வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருப்பினால், எஞ்சின் மட்டும் ஏறி வண்டி ஏறாவிடில் கிளட்ச்தான். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் சங்கிலி தாவுவதும் உண்டு. ஆனால் அது கடகடவென்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகே மூடியைத் திறக்கலாம். கருகிய நெடி முதலில் வரும். ஸ்பிரிங்குகளின் நீளத்தையும் உராய்வுத் தட்டுகளின் தடிமனையும் கையேட்டின் அளவோடு ஒப்பிட வேண்டும். எஃகுத் தட்டுகள் நீலம் பாரித்திருந்தால் சூட்டில் வெந்தவை. கண்ணாடி மீது படுக்கவைத்து ஃபீலர் கேஜ் செருகினால் வளைவு தெரிந்துவிடும். வெளிக் கூடையின் விரல்களில் தட்டுகள் வெட்டிய பள்ளங்களைக் கண்டு பலர் அதையே காரணம் என்பர். அப்பள்ளங்கள் கிளட்சை விடுபடாமல் இழுக்கவைக்கும், நழுவவைக்கா. புதிய தட்டுகளைப் பூட்டுமுன் அவை ஓடப்போகும் அதே எண்ணெயில் ஊறவைப்பது வழக்கம்.