பதிலுக்கும் சேர்த்து ஒரு கார்டு

பாண்டிச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. காலையில் ஒருவரையொருவர் பார்த்ததும் "சா வா?" என்போம். நலமா என்று பொருள். அதற்குப் பதிலும் "சா வா"தான். கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே சொல் என்பதால் யாரும் நின்று பேச வேண்டியதில்லை. பின்னாளில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலம் முழுவதும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

அதே பள்ளியில் சரித்திர வகுப்பில் கேட்ட ஒரு செய்தியும் மனதில் தங்கியிருக்கிறது. 1870 செப்டம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டன. அடுத்த ஜனவரி வரை அது நீடித்தது. தபால் நின்றுபோனது. உள்ளே இருந்தவர்கள் பலூன்களில் கடிதம் அனுப்பினார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள் பறந்தன. ஆனால் பலூன் காற்றடிக்கும் பக்கம்தான் போகும். வெளியே இருந்து பாரிஸுக்குள் குறிபார்த்து இறக்க முடியாது. பதில் எப்படி வரும்? புறாதான் கொண்டுவர வேண்டும். புறா எவ்வளவு சுமக்கும்?

அதற்குத் தபால் இலாகா ஒரு வழி செய்தது. பாரிஸில் இருப்பவர் தன் கடிதத்தில் நான்கு கேள்விகள் எழுதி, பதில் கார்டு ஒன்றையும் உள்ளே வைத்து அனுப்புவார். பெறுபவர் அந்தக் கார்டில் 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் குறித்தால் போதும். அப்படி வந்த பதில்களை ஒன்றாகத் திரட்டி, மிகச் சிறிய படச்சுருளில் எடுத்துப் புறாவின் வாலில் கட்டி விட்டார்கள். பாரிஸில் அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்ட, எழுத்தர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் எழுதி வீடுகளுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலான புறாக்கள் வந்து சேரவில்லை. அதனால் ஒரே செய்தியைப் பல புறாக்களிடம் கொடுத்தார்கள். குழந்தை பிறந்ததா, அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா என்று தெரிந்துகொள்ள அவ்வளவு பாடு!

நம் நாட்டில் தபால் கார்டு வந்தது 1879 ஜூலை 1-ஆம் தேதி. விலை காலணா. நம் வயதுக்காரர்கள் ரிப்ளை கார்டையும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு கார்டுகள் சேர்ந்தே இருக்கும். ஒன்றில் நாம் எழுதுவோம். மற்றொன்று அவர்கள் கிழித்துப் பதில் எழுத. அதற்கும் சேர்த்து நாமே காசு கொடுத்திருப்போம்.

என் அத்தையைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தாத்தா மாதம் ஒரு ரிப்ளை கார்டு போடுவார். மறுபாதியில் தன் விலாசத்தையும் அவரே எழுதிவிடுவார். கார்டு வாங்க மகள் புகுந்த வீட்டில் யாரிடமும் காசு கேட்டு நிற்கக்கூடாது என்பது அவர் எண்ணம். "நலம், நலமறிய ஆவல்" என்ற வரிக்குக் கீழே அத்தை எழுதுவதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். பசு கன்று போட்டது, காளைக் கன்று. கொல்லை முருங்கை காய்த்துக் குலுங்குகிறது. சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டது. தாத்தா அதைத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை படிப்பார். அன்று முழுவதும் அவர் முகம் மலர்ந்திருக்கும்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான் செய்ததைச் சொல்கிறேன். ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரான கோச்சடைக்கு வந்துவிட்டேன். பாண்டிச்சேரியில் என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்த நண்பருக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் பூப்படம் போட்ட காலை வணக்கம் அனுப்புவேன். அவரும் கட்டைவிரல் போடுவார். தொடர்பு விட்டுப்போகவில்லை என்று நினைத்திருந்தேன். அவர் மனைவி காலமான செய்தி நாற்பது நாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நாற்பது நாளும் நான் பூப்படம் அனுப்பியிருக்கிறேன். அவரும் கட்டைவிரல் போட்டிருக்கிறார். அதே "சா வா", "சா வா"தான்.

போனில் பேச வாய் வரவில்லை. தபாலாபீஸ் போய் 50 காசுக் கார்டு இரண்டு வாங்கினேன். ஒன்றில் என் விலாசம் எழுதி, இரண்டையும் உறையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு நான்கு கேள்விகள் மட்டும் எழுதினேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தூக்கம் வருகிறதா? காலையில் கடற்கரைக்கு நடக்கப் போகிறீர்களா? நான் வந்து நாலு நாள் தங்கலாமா? ஆம், இல்லை என்று எழுதினால் போதும் என்றேன். வைகையில் தண்ணீர் வந்திருக்கிறது, கொக்குகள் இறங்கியிருக்கின்றன என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

பத்தாம் நாள் கார்டு வந்தது. இல்லை. இல்லை. இல்லை. ஆம். கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி: "அவள் வைத்த செம்பருத்தி நேற்றுதான் முதல் பூ விட்டது. வந்தால் பார்க்கலாம்."

அன்று இரவே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். பூவைப் பார்த்தேன். நாலு நாள் என்று போனவன் பதினொரு நாள் இருந்தேன்.

நண்பர்களே, யாரையாவது நலமா என்று கேட்டால், அவர் பதில் சொல்லும்வரை கொஞ்சம் காத்திருங்கள். அந்தப் பதிலுக்கான செலவும் நம்முடையதாகவே இருக்கட்டும்.