கார்பன் குச்சி வெளிச்சம்

டூரிங் டாக்கீஸில் திரை மங்கினால் "ஆபரேட்டர்!" என்று கூட்டம் கத்தும். நம் தலைமுறைக்கு நினைவிருக்கும். ஏன் மங்கியது என்று யாரும் யோசித்ததில்லை.

புரொஜக்டரின் பின்பக்கப் பெட்டிக்குள் எரிந்தது பல்பு அல்ல. இரண்டு கார்பன் குச்சிகள். எரிந்து மீந்த துண்டுகளைக் கொட்டகைக்குப் பின்னால் நானும் பொறுக்கியிருக்கிறேன். குச்சிகளின் முனைகளைத் தொடவைத்துச் சற்றே விலக்கினால், இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து கண்கூசும் வெளிச்சம் வரும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி இதைச் செய்துகாட்டினார். பாசிட்டிவ் குச்சியின் முனை 3,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி, அதில் சிறு குழி விழும். வெளிச்சம் பெரும்பாலும் அந்தக் குழியிலிருந்துதான். பின்னாலுள்ள குழிக்கண்ணாடி அதைப் பிலிம்மேல் குவிக்கும்.

ஆனால் குச்சிகள் தேய்ந்துகொண்டே போகும். இடைவெளி கூடினால் வெளிச்சம் மங்கும். மேலும் கூடினால் அணைந்தேவிடும். ஆகவே ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்து, திருகைத் திருகிக் குச்சிகளை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 1,000 அடி ரீல் ஓட 11 நிமிடம். அத்தனை நேரமும் சூட்டிலும் புகையிலும் நிற்க வேண்டும்.

1950-களில் ஜெர்மனியில் செனான் விளக்கு வந்தது. மெல்ல மெல்ல நம் தியேட்டர்களிலும் கார்பன் மறைந்தது. எம்.ஜி.ஆர்., சிவாஜி முகங்களில் நாம் கண்ட பிரகாசத்தை நிமிடத்துக்கு நிமிடம் காத்தது, டைட்டிலில் பெயர் வராத அந்தக் கைகள்தான்.