சாவடிக்காரரின் கூலி

நல்ல சமாரியர் உவமையை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மறையுரைகளில் விளக்கி வருகிறேன். குற்றுயிராய்க் கிடந்தவர், கண்டும் விலகிச் சென்ற குரு, அவரைப் போலவே விலகிய லேவியர், காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டிய அந்நியர் ஆகிய எல்லாரைப் பற்றியும் பேசியிருக்கிறேன். உவமையின் கடைசியில் நிற்கும் சாவடிப் பொறுப்பாளரைப் பற்றி மட்டும் நெடுங்காலம் பேசியதே இல்லை. சமாரியர் அவரிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். அக்காலத்தில் அது ஒரு கூலியாளின் இரண்டு நாள் ஊதியம். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களிக்கிறார். ஆக, அடிபட்டவரைப் பராமரித்தவர் கூலி பெற்றுக்கொண்டே பராமரித்தார்; ஆண்டவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சீராக்கின் ஞான நூலும் மருத்துவருக்குரிய மதிப்பைச் செலுத்தக் கற்பித்து, அவர் அரசரிடம் வெகுமதி பெறுவதை இயல்பான ஒன்றாகவே குறிப்பிடுகிறது.

சாவடிக்கு வருகிறவர் ஒருவர் அல்லர், ஒரு நாட்டு மக்கள் அனைவருமே என்றால், அந்தத் தெனாரியத்தை யார் கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது? கொடுப்பவர் சாவடிக்காரருக்கு எசமானர் ஆகிவிடுவாரா? இந்தக் கேள்விகளால் கனடா நாட்டின் ஒரு மாகாணம் 1962-ஆம் ஆண்டில் 23 நாட்கள் கலங்கி நின்றது. அந்நிகழ்ச்சியோடு தொடர்புடையவர்களுள் கத்தோலிக்கர் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் குரு, மற்றவர் நீதிபதி. குருவாகிய எனக்கு அந்த வரலாறு சற்றுக் கசப்பானது. ஆயினும் சொல்லியாக வேண்டும்.

கனடாவின் மேற்குச் சமவெளியில், கோதுமை விளையும் மாகாணம் சஸ்காச்சுவான். அன்று அதன் மக்கள்தொகை ஒன்பது இலட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. ஊருக்கும் ஊருக்கும் இடையே நெடுந்தொலைவு. குளிர்காலத்தில் பனியால் மூடுண்ட பாதைகள். இத்தகைய இடத்தில் மருத்துவர் ஒருவரைத் தங்கவைப்பதே பெரும்பாடு. முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில், ஹோல்ட்ஃபாஸ்ட் என்னும் சிற்றூரை உள்ளடக்கிய சார்னியா ஊராட்சி, தன் மருத்துவர் ஊரைவிட்டுப் போய்விடுவாரோ என்று அஞ்சி, ஆண்டுக்கு 1,500 டாலர் தருவதாகச் சொல்லி அவரை நிறுத்திக்கொண்டது. உழவர்கள் தங்கள் நிலவரியிலிருந்து மருத்துவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். 1916-இல் சட்டமும் இதற்கு இடமளித்தது. அதன்பின் பல ஊராட்சிகள் இவ்வழியைப் பின்பற்றின. பொதுப் பணத்தில் மருத்துவருக்கு ஊதியம் என்னும் எண்ணம் எந்தச் சித்தாந்த நூலிலிருந்தும் அங்கே இறக்குமதி ஆகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது என்ற உழவர் குடும்பத்தின் கவலையிலிருந்து பிறந்தது.

1930-களின் வறட்சியும் பொருளாதார மந்தமும் மருத்துவர்களையும் வாட்டின. நோயாளியிடம் காசில்லை, கோழியும் உருளைக்கிழங்கும் விறகும் கட்டணமாய் வந்தன. ஆகவேதான் 1943-இல் கனடா மருத்துவர் சங்கமே மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொள்கை அளவில் வரவேற்றது. பசித்த காலத்தில் அரசின் கை அவர்களுக்கு அச்சம் தரவில்லை என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

1944-இல் கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு என்னும் கட்சி அங்கே ஆட்சிக்கு வந்தது. முதலமைச்சர் டாமி டக்ளஸ் பாப்டிஸ்ட் சபைப் போதகர். சிறுவயதில் எலும்பு நோயால் ஒரு காலை இழக்கும் நிலையில் இருந்தவர். மருத்துவர் ஒருவர் மாணவர்களுக்குக் கற்பிக்கும் பொருட்டு இலவசமாய் அறுவை செய்து அந்தக் காலைக் காப்பாற்றினார். தம் கால் பிழைத்தது ஒருவருடைய தயவினால், உரிமையினால் அன்று என்பதை டக்ளஸ் மறக்கவில்லை. அவர் ஆட்சியில் 1947-இல் எல்லாருக்கும் மருத்துவமனைக் காப்பீடு வந்தது. அதற்கு முந்திய ஆண்டே ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரத்தில் மருத்துவர் கட்டணத்தையும் பொது நிதியிலிருந்து கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியிருந்தது. அங்கே மருத்துவர்கள் ஓடிப்போகவில்லை. அவர்கள் எண்ணிக்கை கூடியது.

இக்கட்சியைப் பற்றி நம் திருச்சபையில் தொடக்கத்தில் ஐயம் நிலவியது. 1934-இல் மான்ட்ரியால் பேராயர் அதைக் கண்டித்துத் திருமடல் விடுத்தார். 1943-இல் கனடா ஆயர்கள், கம்யூனிசம் அல்லாத, கிறிஸ்தவ மரபைப் பேணும் எந்தக் கட்சியையும் இறைமக்கள் ஆதரிக்கலாம் என்று அறிவித்தபின் அத்தடை நீங்கியது. ஆனால் ஆயர்கள் நீக்கிய ஐயம் எல்லாக் குருக்கள் நெஞ்சிலிருந்தும் நீங்கிவிடவில்லை.

மருத்துவமனைச் செலவோடு மருத்துவர் கட்டணத்தையும் மாகாணம் முழுவதும் அரசே ஏற்கும் திட்டத்தை 1959 இறுதியில் டக்ளஸ் அறிவித்தார். இதற்குள் காலம் மாறியிருந்தது. வளம் திரும்பிவிட்டது, மருத்துவர்களே ஆதரித்து நடத்திய காப்பீட்டுத் திட்டங்கள் நன்கு வேரூன்றியிருந்தன. இனி அரசு எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். மாகாண மருத்துவர் கல்லூரி என்னும் அமைப்பு அங்கே மருத்துவர்களுக்கு உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்தும் கழகமாகவும், அவர்களுக்காகப் பேசும் சங்கமாகவும் ஒருங்கே செயல்பட்டது. 1960 தேர்தலில் அது ஒவ்வொரு மருத்துவரிடமும் 100 டாலர் திரட்டித் திட்டத்துக்கு எதிராகப் பெரும் பிரசாரம் செய்தது. டக்ளஸ் கட்சி வென்றது. 1961 நவம்பரில் சட்டம் நிறைவேறியது.

மருத்துவர்கள் அஞ்சியது எதற்கு? வருமானம் குறையும் என்பதற்காக மட்டும் அன்று. கட்டணத்தைக் கொடுப்பவர் ஒரே ஒருவர், அவர் அரசு என்றால், நாளை எந்த நோயாளியை எப்படிப் பார்ப்பது, எங்கே குடியிருப்பது என்பதையும் அரசே சொல்லும் என்று அஞ்சினார்கள். பிரித்தானியாவின் தேசிய மருத்துவத் திட்டத்தை விரும்பாமல் அங்கிருந்து குடியேறிய மருத்துவர் பலர் அவர்களிடையே இருந்தது இந்த அச்சத்தை வளர்த்தது. இதை நாம் ஏளனம் செய்யலாகாது. ஊதியம் எந்தக் கையிலிருந்து வருகிறது என்பது சிறிய காரியம் அன்று. திருப்பலிக் காணிக்கையையும் பங்கு வருமானத்தையும் நம்பி வாழ்ந்த மூத்த குருக்கள், பொது நிதியிலிருந்து மாதப்படி என்னும் ஏற்பாட்டைக் கேட்டு முணுமுணுத்ததை என் காதாரக் கேட்டிருக்கிறேன். அவர்களும் தொகையைப் பற்றி அல்ல, சுதந்திரத்தைப் பற்றியே பேசினார்கள், தொகையையும் நினைத்திருக்கலாம்.

டக்ளஸ் தேசிய அரசியலுக்குச் சென்றுவிட, பள்ளி ஆசிரியராய் இருந்த வுட்ரோ லாயிட் முதலமைச்சர் ஆனார். 1962 மே 3 அன்று ரெஜைனா நகரில் கூடிய ஏறத்தாழ 600 மருத்துவர்கள் முன் அவர் நேரில் சென்று பேசினார். அவர் பேசி முடித்ததும், திட்டத்தின் கீழ்ப் பணிபுரிய மறுப்பவர்கள் எழுந்து நிற்குமாறு அவர்களின் தலைவர் டால்கிளிஷ் கேட்டார். ஏறக்குறைய அரங்கமே எழுந்து நின்றது.

ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. திட்டம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் மருத்துவகங்களை மூடினார்கள். சில மருத்துவமனைகளில் மட்டும் அவசர சிகிச்சை நடந்தது. முதல் நாளன்றே, காய்ச்சல் கண்ட ஒன்பது மாதக் குழந்தையைக் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவரைத் தேடி ஊர் ஊராக அலைந்தனர் பெற்றோர். மூளை உறை அழற்சியால் அக்குழந்தை வழியிலேயே இறந்தது. மருத்துவர் கிடைத்திருந்தால் பிழைத்திருக்குமா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மூடிய கதவைக் கண்டு திரும்பிய தாய்க்கு அந்த ஐயம் ஆறுதலாகாது. தங்கள் சுதந்திரத்தைக் காக்க மருத்துவர்களுக்கு நீதிமன்றம் இருந்தது, அடுத்த தேர்தல் இருந்தது, ஊரைவிட்டுப் போகும் வழியும் இருந்தது. நோயாளியின் படுக்கையைப் பணயமாக வைத்தது தவறு என்றே நான் கருதுகிறேன்.

அரசு பிரித்தானியாவிலிருந்து அவசரமாய் மருத்துவர்களை வரவழைத்தது. மக்களும் சும்மா இருக்கவில்லை. ஜூலை 3 அன்று சஸ்கடூன் நகரில் கூட்டுறவு முறையில் ஒரு மருத்துவகம் திறந்தார்கள். ஜோன் விட்னி மூர், மார்கரெட் மஹூட் என்னும் இரு பெண் மருத்துவர்கள் அதில் பணி தொடங்கினார்கள். மறுபுறத்தில் 'நம் மருத்துவர்களைக் காப்போம்' என்னும் குழுக்கள் ஊர்தோறும் கிளம்பின. மருத்துவர் போய்விடுவாரோ என்று உண்மையாகவே அஞ்சிய தாய்மார் அவற்றில் பலர். அரசியல் இலாபம் தேடியோரும் சிலர்.

அக்குழுக்களின் மேடையில்தான் அருள்தந்தை ஆத்தல் மர்ரே தோன்றினார். அவர் சாதாரணக் குரு அல்லர். வில்காக்ஸ் என்னும் சிற்றூரில் நோத்ர்டாம் கல்லூரியை வளர்த்து, வறட்சிக் காலத்தில் கட்டணத்துக்குப் பதிலாக விளைபொருளையும் இறைச்சியையும் ஏற்றுக்கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தவர். பனிவளைகோல் பந்தாட்ட அணிகளை உருவாக்கிய அவரை இளைஞர்கள் தந்தையாகவே நேசித்தனர். இத்தகையவர், இந்தத் திட்டத்தில் கம்யூனிசத்தின் நிழலைக் கண்டார். ஜூலை முதல் வாரத்தில், வானொலியில் ஒலிபரப்பான ஓர் உரையில், வன்முறையும் இரத்தம் சிந்துதலும் எந்நாளும் வெடிக்கலாம் என்று முழங்கினார். அவை வெடிப்பதே நல்லது என்று கருதுவதுபோல் அவர் குரல் ஒலித்தது. கேட்டவர்கள் திடுக்கிட்டனர். போராட்டக் குழுவினரில் பலரே பின்வாங்கினர். ஜூலை 11-இல் ரெஜைனா சட்டமன்றத்தின் முன் பல்லாயிரக்கணக்கில் மக்கள் திரள்வார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. நாலைந்தாயிரம் பேரே வந்தனர்.

தந்தை மர்ரேயின் நெஞ்சில் இருந்தது தீமை அன்று. சிறிய அமைப்புகள் தாமே செய்யக்கூடியதைப் பேரரசு பறித்துக்கொள்ளலாகாது என்பது 1931-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் வலியுறுத்திய கோட்பாடு. ஆனால் 1961-இல் வெளியான 'மாத்தர் எத் மஜிஸ்த்ரா' சுற்றுமடலில் திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர், உடல்நலம் முதலிய துறைகளில் அரசின் பங்கு பெருகிவருவதைக் கண்டு, அது மனித உரிமைகளைத் தெளிவாக்கி நிறைவேற்றவும் துணை செய்கிறது என்று நிதானமாய் எடுத்துரைத்திருந்தார். சார்னியா உழவர்கள் செய்ததும் சிறிய அமைப்பின் செயல்தானே! அந்தச் சிறு விதை மாகாணம் அளவுக்கு வளர்ந்ததையா ஒரு குரு இரத்தத்தின் பெயரால் எதிர்க்க வேண்டும்?

இரு தரப்பையும் இணங்கவைக்க, பிரித்தானிய மருத்துவரும் தொழிற்கட்சிக்காரருமான டெய்லர் பிரபு வந்தார். இரு தரப்பாரையும் ஓரறையில் அமரவிடாமல், தாமே அங்குமிங்கும் அலைந்து பேசினார். தம் உழைப்புக்குப் பணம் வாங்கவில்லை. வடபகுதி ஏரியில் மீன்பிடிக்க ஒரு பயணம் ஏற்பாடு செய்தால் போதும் என்றாராம். மருத்துவர் ஊதியத்தைப் பற்றிய அந்தச் சண்டையில் மலிவாக முடிந்த கூலி அது ஒன்றுதான்.

ஜூலை 23 அன்று சஸ்கடூன் உடன்பாடு கையெழுத்தாயிற்று. எல்லாருக்கும் காப்பீடு நிலைத்தது. மருத்துவர்கள் மாதச் சம்பளக்காரர் ஆகவில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனிக் கட்டணம் என்னும் பழைய முறையே தொடர்ந்தது. திட்டத்துக்கு வெளியே நின்று பணிபுரியவும் உரிமை கிடைத்தது. அஞ்சிய வறுமை வரவில்லை. வசூலாகாத கடன் என்பதே இல்லாமற்போனதால் அவர்கள் வருமானம் உயர்ந்தது. 1964 தேர்தலில் லாயிட் தோற்றார்; வென்றவர்களும் திட்டத்தைக் கைவிடத் துணியவில்லை.

இனி அந்த நீதிபதியிடம் வருவோம். எம்மெட் ஹால், சஸ்கடூனில் வாழ்ந்த பற்றுறுதியுள்ள கத்தோலிக்கர். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். 1961-இல் மருத்துவப் பணிகளை ஆராய நடுவண் அரசு அமைத்த ஆணையத்துக்கு அவர் தலைவர். அவரை நியமித்தது பழமைவாதக் கட்சி அரசு. மருத்துவர், செவிலியர், காப்பீட்டு நிறுவனத்தார், தொழிலாளர் என அனைவரையும் நாடெங்கும் சென்று கேட்டார். 1963-இல் 'பாச்செம் இன் தெரிஸ்' சுற்றுமடல் மருத்துவப் பராமரிப்பை மனித உரிமைகளின் வரிசையில் சேர்த்தது. மறு ஆண்டு வெளிவந்த ஹாலின் அறிக்கை, சஸ்காச்சுவான் வழியே நாடு முழுவதற்கும் ஏற்றது என்றது. 1966-இல் அது சட்டமாகி, 1968 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஹாலின் நேர்மையை நான் வியப்பது 1980-இல் அவர் அளித்த இன்னோர் அறிக்கைக்காக. காப்பீட்டுக்கு மேலாக நோயாளியிடம் கூடுதல் தொகை கேட்கும் வழக்கம் அப்போது பரவியிருந்தது. அதை ஒழிக்க வேண்டும் என்றார் அவர். அதே மூச்சில், மருத்துவருக்குத் தக்க ஊதியம் கிடைக்க வேண்டும், பேச்சு முறிந்தால் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பு வேண்டும் என்றும் எழுதினார். உழைப்பவரின் ஊதியத்தைக் கொடுப்பவரின் விருப்பம் மட்டும் தீர்மானிக்கலாகாது என்று 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றிக் கற்பித்ததை, வசதியுள்ள மருத்துவருக்கும் மறுக்காத மனம் அது. 1984-ஆம் ஆண்டின் கனடா உடல்நலச் சட்டம் கூடுதல் கட்டணம் வாங்க அனுமதிக்கும் மாகாணங்களுக்கு நிதியைக் குறைத்தது. மருத்துவருக்கு நியாயமான ஊதியம் தருவதையும் நிபந்தனை ஆக்கியது. ஆயினும் 1986-இல் ஒன்டாரியோ மருத்துவர்கள் இதே காரணத்துக்காக 25 நாள் வேலைநிறுத்தம் செய்தனர்.

தந்தை மர்ரே 1975-இலும் ஹால் 1995-இலும் இறந்தனர். சஸ்கடூனின் கூட்டுறவு மருத்துவகம் இன்றும் இயங்குகிறது. ஆனால் சிகிச்சைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கும் முறையில், நோயாளிகள் குறைந்த சிற்றூரைவிட நகரமே மருத்துவருக்கு உகந்தது. மாகாணத்தின் உட்பகுதிகளில் மருத்துவரும் செவிலியரும் இல்லாமையால் சில மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை அவ்வப்போது மூட நேர்கிறது. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பயின்றவர்களை ஊக்கத்தொகை தந்து அழைக்கிறார்கள். ஹோல்ட்ஃபாஸ்ட் உழவர்கள் 1,500 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட அதே கேள்வியை அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.